இறுக்கமும் இணைப்பும்



இலக்கணப் பாடத்தில் புணர்ச்சியைப் பற்றிப் படித்திருப்பீர்கள். நிலைமொழியின் ஈறும் வருமொழியின் முதலும் சேரும் இடத்தில் என்ன நிகழ்கிறது என்பதைப் புணர்ச்சி விதிகள் கூறுகின்றன. 'மணி' என்னும் சொல்லோடு 'அடித்தான்' என்னும் சொல் சேரும்போது இடையில் யகரம் தோன்றி 'மணியடித்தான்' என்றாகிறது. இரண்டு உயிர்களையும் உடம்படுத்துவதால் அந்த யகரத்தை உடம்படுமெய் என்கிறோம்.

இக்கட்டுரையில் நான் சொல்லப்போவதும் ஒரு சேர்க்கையைப் பற்றியதே. ஆனால் அது சொற்களின் சேர்க்கை அன்று. என் பழைய காரில் உள்ள இரண்டு இரும்புத் தண்டுகளின் சேர்க்கை. அதைக் கழற்றி மீண்டும் பொருத்திய ஒரு மாலைப்பொழுதில், பல ஆண்டுகளாகத் தமிழ் கற்பித்துவரும் நான் ஒரு பாடம் கற்றேன்.

நான் சாத்தூருக்கு அருகில் ஒரு சிற்றூரில் பிறந்தவன். பணியிட மாறுதலால் மத்தியப் பிரதேசத்தின் ஜபல்பூர் நகருக்கு வந்தேன். படைக்கலத் தொழிற்சாலைகளும் இராணுவக் குடியிருப்புகளும் ரயில்வே மண்டலத் தலைமையகமும் உள்ள நகரம் அது. அதனால் தமிழ்க் குடும்பங்களும் அங்கு உண்டு. வாரணாசியிலிருந்து கன்னியாகுமரி வரை சென்ற பழைய ஏழாம் எண் தேசிய நெடுஞ்சாலை ஜபல்பூர் வழியாகவும் சென்றது; சாத்தூர் வழியாகவும் சென்றது. ஊர் நினைவு வரும்போதெல்லாம், 'இந்தச் சாலை எங்கள் ஊருக்குத்தான் போகிறது' என்று எண்ணிக்கொள்வேன்.

என் மகள் அப்போது ஏழாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தாள். பள்ளியிலும் தெருவிலும் விளையாட்டிலும் அவளுக்கு இந்திதான். வீட்டிலும் இந்தி நுழைவதைக் கண்டு நான் அஞ்சினேன். தமிழாசிரியரின் மகளே தமிழை மறந்தால் ஊரார் என்ன சொல்வார்கள் என்ற கவலையும் இருந்தது. ஆகவே ஒரு விதி செய்தேன். என்னிடம் தமிழில் மட்டுமே பேச வேண்டும். அவள் இந்தியில் தொடங்கினால், "தமிழில் சொல்" என்பேன். சில வேளைகளில் அவள் தட்டுத்தடுமாறிச் சொல்வாள். பல வேளைகளில் பேசாமல் போய்விடுவாள். அந்த அமைதியை நான் கீழ்ப்படிதல் என்று கருதி மகிழ்ந்தேன்.

அந்த ஆண்டு கோடையில் என் தந்தையார் மறைந்தார். ஊரில் தனியாக இருந்த என் தாயாரைப் பூசை விடுமுறையில் எங்களுடன் அழைத்துவர முடிவு செய்தோம். எங்கள் உறவினரான படைவீரர் ஒருவர் விடுப்பு முடிந்து சென்னையிலிருந்து தில்லிக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். அவருடைய துணையோடு தாயார் நாகபுரி வரை ரயிலில் வருவது என்றும், அங்கிருந்து நான் காரில் அழைத்துவருவது என்றும் ஏற்பாடு. ஜபல்பூரிலிருந்து நாகபுரி ஏறத்தாழ 270 கிலோமீட்டர். சிவனியைக் கடந்தபின் குராய் மலைப்பாதையில் இறங்கிப் பெஞ்ச் காட்டினூடே செல்ல வேண்டும்.

புறப்படுவதற்கு இரண்டு வாரங்களுக்கு முன்பு காரில் ஒரு சிறு ஒலி கேட்கத் தொடங்கியது. ஸ்டீயரிங்கைத் திருப்பும்போதெல்லாம் காலடியில் 'டக்' என்று ஒரு தட்டு. குழியில் இறங்கினால் அந்தத் தட்டு கைக்கும் தெரிந்தது. ஸ்டீயரிங்கைச் சற்றே அசைத்தால் சக்கரம் உடனே திரும்பவில்லை. சிறிது தயங்கியே திரும்பியது.

எங்கள் குடியிருப்புக்கு அருகில் ஒரு பழுதுபார்க்கும் பட்டறை இருந்தது. அதன் உரிமையாளரான முதிய மெக்கானிக்கை அனைவரும் 'உஸ்தாத்' என்றே அழைப்பர். ஆசான் என்பது அதன் பொருள். அவர் ஓட்டுநர் இருக்கையின் அடியில் தலையை நுழைத்து, ஒரு கையால் எதையோ பிடித்துக்கொண்டு, மறு கையால் ஸ்டீயரிங்கை அசைக்கச் சொன்னார். பின்பு எழுந்து, "மாஸ்டர்ஜி, கப்ளர் தேய்ந்துவிட்டது. மாற்றாமல் மலைப்பாதையில் இறங்காதீர்கள்" என்றார்.

கப்ளர் என்பது என்னவென்று அன்றுதான் அறிந்தேன். நாம் கையில் பிடிக்கும் ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு தண்டு கீழ்நோக்கி வருகிறது. முன்சக்கரங்களைத் திருப்பும் பற்சக்கரப் பெட்டியிலிருந்து மற்றொரு தண்டு மேல்நோக்கி நீண்டிருக்கிறது. இவ்விரண்டும் ஒரே நேர்க்கோட்டில் அமைவதில்லை, சாய்வாகவே சந்திக்கின்றன. சாய்வாக இருந்தும் ஒன்றின் சுழற்சியை மற்றொன்றுக்குக் கடத்துவதற்காக இடையில் ஓர் இணைப்புப் பொருத்தப்படுகிறது. அதன் நடுவில் சிலுவை வடிவிலான மூட்டு உண்டு. இரு முனைகளிலும் உள்துளை உண்டு. அத்துளையின் உட்புறத்தில் நெடுக்காக நுண்ணிய பற்கள் வெட்டப்பட்டிருக்கும். தண்டின் முனையிலும் அவற்றுக்கு இணையான பற்கள் உண்டு. பல்லோடு பல் பொருந்தித் தண்டு துளைக்குள் இறங்கியபின், குறுக்கே ஒரு போல்ட்டைச் செருகி இறுக்குவர். உள்ளங்கையில் அடங்கிவிடும் அந்தச் சிறு பொருளில்தான் காரில் செல்வோர் அனைவருடைய உயிரும் இருக்கிறது. அது கழன்றால் ஸ்டீயரிங் கையில் சுழலும், சக்கரம் திரும்பாது.

புதிய கப்ளர் வந்து சேர்ந்தபோது பயணத்துக்கு ஒருநாளே இருந்தது. மாலையில் பட்டறைக்குச் சென்றேன். மகளும் உடன் வந்தாள். உஸ்தாத் முதலில் முன்சக்கரங்களை நேராக நிறுத்தினார். ஸ்டீயரிங்கையும் நேராக வைத்து, இருக்கைப் பட்டையை அதனுள் நுழைத்துக் கட்டி, அது சுழலாதபடி செய்தார். "காற்றுப்பை உள்ள புதிய கார்களில் ஸ்டீயரிங்குக்குள் சுருள் சுருளாக மின்கம்பி இருக்கும். கப்ளரைக் கழற்றிய நிலையில் ஸ்டீயரிங்கைச் சுழலவிட்டால் அது அறுந்துவிடும். உங்கள் காரில் காற்றுப்பை இல்லை. ஆனாலும் நல்ல பழக்கத்தை ஏன் விடவேண்டும்?" என்றார். பிறகு இரு தண்டுகளிலும் பழைய கப்ளர் நின்ற நிலையை வெள்ளைச் சாயத்தால் கோடிட்டுக் குறித்தார். பேட்டரியின் இணைப்பை நீக்கினார். பழைய கப்ளரைக் கழற்றினார்.

அந்நேரத்தில் நெடுஞ்சாலையில் ஒரு லாரி நின்றுவிட்டதாக அழைப்பு வந்தது. பொருத்தும் பணியைத் தம் இளம் உதவியாளனிடம் ஒப்படைத்துவிட்டு உஸ்தாத் சென்றார்.

இளைஞன் சுறுசுறுப்பானவன். கப்ளரின் மேல்முனையை மேல்தண்டில் ஏற்றினான்; கீழ்முனையைக் கீழ்த்தண்டில் இறக்கினான்; இரண்டு போல்ட்டுகளையும் செருகி முறுக்கினான். என் மகள் கார்க் கதவின் அருகே மண்டியிட்டு டார்ச் விளக்கைப் பிடித்திருந்தாள். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வீட்டில் பெட்டிகள் கட்டப்படாமல் கிடந்தன.

"அப்பா, தேக்கோ..." என்று மகள் தொடங்கினாள்.

"தமிழில் சொல்" என்றேன்.

அவள் வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள். விளக்கொளி ஒரே இடத்தில் சிறிது நேரம் நின்றது. நான் அதைக் கவனித்தேன், ஆயினும் பொருட்படுத்தவில்லை.

இளைஞன் போல்ட்டை இறுக்கி முடித்தான். நான் இருக்கையில் அமர்ந்து ஸ்டீயரிங்கை இடமும் வலமும் திருப்பினேன். சக்கரங்கள் நன்றாகத் திரும்பின. தட்டு இல்லை, தயக்கம் இல்லை. பணத்தை எடுத்து நீட்டினேன். அப்போது உஸ்தாத் திரும்பி வந்தார்.

"சற்றுப் பொறுங்கள், மாஸ்டர்ஜி" என்று சொல்லிவிட்டு, மறுபடியும் இருக்கையின் அடியில் கையை நுழைத்தார். அவர் விளக்கைக் கேட்கவில்லை. விரலால் மட்டும் தடவிப் பார்த்தார். அவருடைய முகம் மாறியது.

"கீழே தண்டின் பல் என் விரலில் படுகிறது. அது வெளியே தெரியக் கூடாதே!" என்றார்.

கீழ்ப்போல்ட்டைத் தளர்த்திவிட்டுக் கப்ளரை இரண்டு விரல்களால் மேல்நோக்கி இழுத்தார். அது எவ்விதத் தடையுமின்றிக் கையோடு வந்துவிட்டது. மேல்முனையை அளவுக்கு மீறி ஏற்றிவிட்டதால், கீழ்முனை தண்டின் நுனியை மட்டுமே கவ்வி நின்றிருக்கிறது. ஒரு விரல்நகத்தின் அளவு!

"ஆனால் போல்ட்டை நன்றாகத்தானே இறுக்கினான்? ஸ்டீயரிங்கும் திரும்பியதே?" என்று கேட்டேன்.

அதற்கு அவர் தண்டின் முனையைக் காட்டினார். பற்களுக்கு நடுவே குறுக்காக ஒரு பள்ளம் வெட்டப்பட்டிருந்தது. தண்டு துளைக்குள் உரிய ஆழம் வரை இறங்கினால்தான் அந்தப் பள்ளம் போல்ட்டின் துளைக்கு நேராக வரும். போல்ட் அப்பள்ளத்தில் படிந்து செல்லும். அதன்பிறகு போல்ட் தளர்ந்தாலும்கூடக் கப்ளர் எளிதில் கழன்று வராது. பள்ளத்தில் கிடக்கும் போல்ட் அதைத் தடுத்து நிறுத்தும். தண்டு பாதி இறங்கி நின்றால் பள்ளம் போல்ட்டுக்கு நேராக வராமல் தடுக்கும். அப்போது தவறு உடனே தெரிந்துவிடும். ஆனால் தண்டின் நுனி போல்ட்டின் துளையையே எட்டாமல் நின்றால், போல்ட் எதையும் தொடாமல் வெற்றிடத்தில் எளிதாகச் செல்லும். அந்நிலையிலும் அதை இறுக்கலாம். இறுக்கம் கைக்கு நன்றாகவே தெரியும். பட்டறை முற்றத்தில் சக்கரமும் திரும்பும். மேடுபள்ளங்களில் குலுங்கிக் குலுங்கி, ஒருநாள் எங்கோ ஒரு வளைவில் கழன்றுவிடும்.

குராய் மலைப்பாதையை எண்ணிப் பார்த்தேன். என் அருகில் அமர்ந்து வரவேண்டிய தாயாரை எண்ணினேன். பின்னிருக்கையில் அமர்ந்து வரவேண்டிய மகளை எண்ணினேன். கால்கள் தளர்ந்தன.

அப்போது என் மகள் உஸ்தாதிடம் தாழ்ந்த குரலில் இந்தியில் ஏதோ சொன்னாள். அவர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டுத் தலைகுனிந்துகொண்டார். நான் அவளிடம் கேட்டேன்.

"நான் முன்னமே பார்த்தேன் அப்பா. அந்தக் கோடு கோடாக இருப்பது வெளியே தெரிந்தது. நீங்கள் தமிழில் சொல்லச் சொன்னீர்கள். எனக்கு அதற்குத் தமிழ் தெரியவில்லை."

அவளுக்குத் தெரியவில்லை, சரி. எனக்குத் தெரியுமா? தண்டில் வெட்டப்பட்ட அந்த நெடுக்குப் பற்களுக்குத் தமிழில் என்ன பெயர்? கப்ளருக்கு என்ன பெயர்? முதுகலைப் பட்டம் பெற்ற நானும் அதைக் 'கப்ளர்' என்றுதானே சொல்லிக்கொண்டிருந்தேன்? நான் அறியாத சொல்லை அவளிடம் கேட்டு, அவள் சொல்லவேண்டிய செய்தியைத் தடுத்துவிட்டேன். ஆபத்தைக் கண்ட குழந்தை வாய்மூடி நின்றதற்கு நான் செய்த விதியே காரணம்.

உஸ்தாத் யாரையும் கடிந்துகொள்ளவில்லை. தலைகுனிந்து நின்ற உதவியாளனை அருகில் அழைத்து, "இறுக்குவது கடைசி வேலை, மகனே. முதலில் பொருந்த வேண்டும்" என்று மட்டும் சொன்னார். அவர் சொன்னது அவனுக்கு. எனக்கும் அது பொருந்தியது.

பணி மீண்டும் முதலிலிருந்து தொடங்கியது. இம்முறை என் மகளிடம், "உனக்குத் தெரிந்த மொழியில் சொல்; தெரியாத சொல்லை இருவரும் சேர்ந்து தேடுவோம்" என்றேன். அவள் என்னை வியப்போடு பார்த்தாள். பிறகு பேசத் தொடங்கியவள் நிறுத்தவே இல்லை.

முதலில் தண்டின் பற்களை உஸ்தாத் துணியால் துடைத்தார். வெள்ளைக் கோடுகளைக் கொண்டு நிலையைச் சரிபார்த்தார். தண்டில் 36 பற்கள் இருப்பதாக வைத்துக்கொண்டால், ஒரு பல் தள்ளிப் பொருந்தினாலும் ஸ்டீயரிங் 10 பாகை கோணலாக நிற்கும். சக்கரம் நேராக ஓடும்போதும் கைப்பிடி சாய்ந்தே இருக்கும். ஆகவே கோட்டுக்குக் கோடு நேராக வைத்துக் கப்ளரை இறக்கினார். அதைச் சுத்தியலால் அடிக்கவில்லை. "சரியாகப் பொருந்தினால் கையாலேயே இறங்கும். அடித்து இறக்கவேண்டி வந்தால் ஏதோ தவறு இருக்கிறது என்று பொருள்" என்றார். என் மகள் விளக்கைப் பிடித்துப் பார்த்து, "பல் தெரியவில்லை, பள்ளம் நேராக இருக்கிறது" என்று இரண்டு மொழிகளிலும் சொன்னாள். அதன்பின் புதிய போல்ட்டுகளைச் செருகினார்கள். காரின் கையேட்டில் குறித்துள்ள அளவுக்கு டார்க் ரெஞ்சால் முறுக்கினார்கள். உரிய அளவை எட்டியதும் அது 'கிளிக்' என்று ஒலித்தது. இறுதியில் போல்ட்டின் தலையிலும் அதை ஒட்டிய கப்ளரிலும் சேர்த்து ஒரு சாயக்கோடு இட்டார். போல்ட் சிறிது தளர்ந்தாலும் கோடு இரண்டாகப் பிரிந்து காட்டிக்கொடுத்துவிடும்.

இருக்கைப் பட்டையை அவிழ்த்து, பேட்டரியை இணைத்து, நேரான சாலையில் ஓட்டிப் பார்த்தோம். ஸ்டீயரிங் சாயாமல் நின்றது.

மறுநாள் விடியற்காலையில் புறப்பட்டு நாகபுரியை அடைந்தோம். தாயாரை அழைத்துக்கொண்டு திரும்பும்போது, பெஞ்ச் காட்டினூடே விலங்குகள் கீழே கடந்து செல்வதற்காக உயர்த்திக் கட்டிய பாலங்களின் மேல் கார் ஓடியது. பின்னிருக்கையில் என் மகள் தன் அப்பத்தாவின் அருகில் அமர்ந்து, முதல்நாள் நடந்ததை விவரித்துக்கொண்டு வந்தாள். பாதி தமிழ், பாதி இந்தி. சொல் கிடைக்காத இடத்தில் விரல்களைக் கோத்துக் காட்டினாள். நான் குறுக்கிடவில்லை.

என் தாயாருக்கு இந்தி தெரியாது. கார் ஓட்டவும் தெரியாது. ஆனால் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "அட, நம்ம வண்டிக் கடையாணி மாதிரிதான் தாயி! உன் தாத்தா வண்டி பூட்டுனா, ரெண்டு பக்கமும் கடையாணியத் தொட்டுப் பாக்காம ஏற மாட்டாரு. கண்ணால பாத்தா போதாது, கையால தொடணும்பாரு."

"கடையாணி என்றால் என்ன அப்பத்தா?"

மாட்டுவண்டியின் சக்கரம் அச்சிலிருந்து கழன்றுவிடாதபடி, அச்சின் முனையில் செருகும் சிறு இரும்பாணிதான் கடையாணி. அச்சாணி என்றும் அதைச் சொல்வர். திருக்குறளில் வினைத்திட்பம் என்னும் அதிகாரத்தில், உருவத்தின் சிறுமை கண்டு ஒருவரை இகழலாகாது என்று கூறவந்த வள்ளுவர், பெருந்தேரைத் தாங்கி ஓடச்செய்யும் அச்சாணியைத்தான் உவமை காட்டுகிறார். அது 667ஆம் குறள். வகுப்பில் எத்தனையோ முறை நடத்திய குறள் அது. ஆனால் அந்த ஆணியைத் தொட்டுப் பார்த்த ஒருவரின் பெயர்த்தியிடம் அந்தச் சொல்லை நான் ஒருநாளும் கொடுத்ததில்லை.

என் மகள் சிறிது நேரம் எண்ணிப் பார்த்துவிட்டு, "அப்படியென்றால் கப்ளரின் போல்ட்டைக் கடையாணி என்று சொல்லலாமா அப்பா?" என்று கேட்டாள்.

"கப்ளரை இணைப்பான் என்போம். குறுக்கே செல்லும் போல்ட்டைக் கடையாணி என்றே சொல்வோம்" என்றேன். அகராதி அதை ஏற்குமோ, அறியேன். எங்கள் வீட்டில் அது நிலைத்துவிட்டது. இன்றும் நெடும்பயணம் புறப்படும்முன் அவள் டார்ச் விளக்கோடு குனிந்து, சாயக்கோடு பிரியாமல் இருக்கிறதா என்று பார்த்து, "கடையாணி சரியாக இருக்கிறது" என்பாள்.

மாணவர்களே, உங்களில் பலருடைய வீடுகளிலும் "தமிழில் பேசு" என்ற குரல் கேட்கும். அக்குரலில் அன்பும் உண்டு, அச்சமும் உண்டு. நீங்கள் தமிழைக் கைவிட்டுவிடுவீர்களோ என்னும் அச்சம் அது. அதைப் புரிந்துகொள்ளுங்கள். ஆனால் சொல் தெரியாத காரணத்தால் சொல்லவேண்டியதைச் சொல்லாமல் விடாதீர்கள். எந்த மொழியில் வருகிறதோ அந்த மொழியில் முதலில் சொல்லிவிடுங்கள். பிறகு, "இதைத் தமிழில் எப்படிச் சொல்வது?" என்று கேளுங்கள். ஆசிரியரும் பெற்றோரும் அறியாத சொல்லாக இருந்தால், ஊரிலிருந்து வரும் பாட்டியிடம் கேளுங்கள்.

அந்த மாலைக்குப்பின் என் வீட்டில் பழைய விதி இல்லை. என் மகள் முன்னைவிட மிகுதியாகத் தமிழ் பேசுகிறாள்.

சிந்தித்து விடையளிக்க

1. போல்ட்டை நன்றாக இறுக்கியபோதும் இணைப்பு பாதுகாப்பாக இல்லாமல் போனதற்குக் காரணம் என்ன?
2. "இறுக்குவது கடைசி வேலை, மகனே. முதலில் பொருந்த வேண்டும்" என்னும் கூற்று கட்டுரையாசிரியருக்கு எவ்வாறு பொருந்தியது?
3. சொல்ல நினைத்தும் தமிழ்ச்சொல் கிடைக்காமல் நீங்கள் தயங்கிய ஒரு நிகழ்வைப் பத்து வரிகளில் எழுதுக.
4. உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு, மாட்டுவண்டியின் உறுப்புகள் ஐந்தின் பெயர்களை எழுதுக.